ப்ளக்கைப் பிடுங்கியவன்

பிணத்தின் வலது கையில் ப்ளக் இருந்தது.

சுவரிலிருந்து பிடுங்கிய கம்ப்யூட்டர் ப்ளக். அதை ஒட்டிய ஒயரில் ரப்பர் விலகிச் செம்புக் கம்பி பளபளத்தது.

"கரண்ட் ஷாக்," என்றார் இன்ஸ்பெக்டர். "விபத்துன்னு எழுதிக்கிறேன். பாடியை எடுக்கலாம்."

"எடுக்காதீங்க சார்," என்றாள் இறந்தவனின் தங்கை. "ஒயர் புதுசு. போன வாரம் நான்தான் வாங்கிட்டு வந்தேன்."

வாசலில் அவள் கணவன். தாடியைத் தடவிக்கொண்டு நின்றான்.

"ப்ளக்கைப் பிடுங்காதீங்க மச்சான்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன் சார். கேட்டாத்தானே."

"எதுக்குப் பிடுங்கணும்?"

தங்கைதான் பதில் சொன்னாள்.

"அதான் சார் அண்ணன் வேலை. டிஸ்க்ல ஃபைலைச் சேமிக்க என் வீட்டுக்காரர் புதுசா ஒரு சிஸ்டம் எழுதியிருக்கார். ஊர் உலகமே இலவசமா எடுத்துக்கிற ஆபரேட்டிங் சிஸ்டத்துல அது சேரணும். அதுக்கு முன்னாடி அண்ணன் சோதிப்பான். டிஸ்க் ஓடிட்டிருக்கும்போதே கரண்ட்டைப் பிடுங்குவான். திரும்பப் போட்டா எல்லாம் சரியா இருக்கணும்."

"இருந்துச்சா?"

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் ஜன்னலைப் பார்த்தான்.

"இல்ல சார். அழிச்ச ஃபைல் திரும்ப வருதுன்னான். சேர்க்கவே கூடாதுன்னு இன்னிக்குச் சொல்றதா இருந்தான்."

"அப்படி ஒரு பிழையே கிடையாது." தாடிக்காரனின் குரல் உயர்ந்தது. "நான் எழுதினது எனக்குத் தெரியாதா? மச்சானுக்குப் பொறாமை."

"செத்துக் கிடக்கிறவன்மேலயுமா..." அவள் முடிக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் அண்ணாந்து பார்த்தார். மூலையில் ஒரு கேமரா.

"அது ஓடுதா?"

"டிஸ்குக்கு ஓயாம வேலை கொடுக்க அண்ணன் மாட்டினது சார். பதிவெல்லாம் இந்தச் சோதனை டிஸ்குக்குத்தான் போகும்."

"தாராளமா பாருங்க," என்றான் கணவன். "காலையில கொஞ்சம் இருக்காது. கேமரா அப்பப்ப நின்னுடும்."

"பார்க்கிறதுக்கு முன்னாடியே தெரியுதே உங்களுக்கு?"

அவன் மறுபடி தாடியைத் தடவினான்.

அவள் வேறு ஒயரை மாட்டினாள். கம்ப்யூட்டர் முனகிக்கொண்டு எழுந்தது. திரையில் பதிவுகள் வரிசையாக வந்தன.

நடுவில் இடைவெளியே இல்லை.

தாடியைத் தடவிய விரல்கள் நின்றன.

காலைப் பதிவைத் திறந்தாள். காலி அறை. கதவு திறந்தது. உள்ளே வந்தவன் சுவரோரம் மண்டியிட்டான். கையில் பிளேடு.

முகம் திரும்பியது. தாடி.

"அதை அழிச்சேனே..." யாரிடமும் இல்லாமல் முணுமுணுத்தான். "அடுத்த ரூம்லேர்ந்து அழிச்சேன். போயிடுச்சான்னுகூடப் பார்த்தேன்."

"போயிடுச்சுதான்." அவள் அவனைப் பார்க்கவில்லை. தரையில் கிடந்த கையைப் பார்த்தாள். "அப்புறம் அண்ணன் வந்து ப்ளக்கைப் பிடுங்கினான். அழிச்சது திரும்ப வந்துடுச்சு. அவன் சொன்ன மாதிரியே."

விலங்கு பூட்டும் சத்தம்.

"சார்... என் சிஸ்டத்துல பிழை இருக்க வாய்ப்பே இல்ல சார்."

"உள்ள உட்கார்ந்து நிதானமா தேடுங்க," என்றார் இன்ஸ்பெக்டர். "அங்க யாரும் ப்ளக்கைப் பிடுங்க மாட்டாங்க."