பசை விட்ட பக்கங்கள்

பிரிட்ஜின் ப்ரீசரைத் திறந்த பிரீனா, நீட்டிய கையை அப்படியே நிறுத்திக்கொண்டாள். ஒரு பக்கம் கிடந்த நெய்மீன் பொட்டலம் கல்லாய் உறைந்திருந்தது. மறுபக்கம் பட்டாணிப் பாக்கெட்டும் அப்படித்தான். இரண்டுக்கும் நடுவே, இறுக்கி மூடிய பிளாஸ்டிக் உறைக்குள் கணவன் ஜெபிஷ் வைத்திருந்த பழைய புத்தகத்தின் மேல் மட்டும் பனி படியவில்லை. உறையின் உட்பக்கம் வியர்த்திருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த ஈரப்பூச்சு மெல்லப் பரவியது. மெல்லச் சுருங்கியது. மறுபடியும் பரவியது.

கரண்ட் போய் வந்திருக்கும் என்று தனக்கே சொல்லிக்கொண்டு கதவை மூடினாள்.

மீனுக்குப் பக்கத்தில் புத்தகம் கிடப்பது அந்த வீட்டுக்குப் புதிதல்ல. பழைய காமிக்ஸ் எது வாங்கி வந்தாலும், தாளுக்குள் இருக்கும் பூச்சியும் முட்டையும் சாகட்டும் என்று ஜெபிஷ் சில நாள் குளிரில் வைப்பான். “மீன் மணக்குற கதைய எவன் படிப்பான்?” என்று கல்யாணமான புதிதில் அவள் கேலி செய்ததுண்டு. நாள் முழுக்க இன்சூரன்ஸ் ஆபீசில் வாடி வருகிற மனுஷன், மஞ்சளடித்த தாளை மூக்கருகே வைத்து மணம் பிடிக்கும்போது மட்டும் பள்ளிக்கூடப் பையனாகிவிடுவான். அந்த முகத்துக்காகவே அவள் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாள்.

இந்தப் புத்தகம் அஞ்சுகிராமத்தில் நேசபாய் என்கிற வயதான பெண்மணியின் வீட்டுப் பரணிலிருந்து வந்தது. ஒரு வாரப் பத்திரிகையில் தொடராக வந்த படக்கதை. வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, அந்தக் காலத்து வழக்கப்படி காலிகோ துணி போட்டு பைண்டிங் செய்திருந்தார்கள். கறுப்புப் புடவைக்காரி ஒருத்தி, முகத்தைக் காட்டாமல், வீடு வீடாகக் கதவைத் தட்டி உள்ளே வரட்டுமா என்று கேட்டுப் போகிற கதை. எந்தச் சேகரிப்பாளரிடமும் முழுதாக இல்லாதது. முன்பாதியில் அங்கங்கே வசன வட்டங்கள் எழுத்தே இல்லாமல் வெறுமையாக இருந்தன. அச்சில் விட்டுப்போயிருக்கும் என்றான் ஜெபிஷ். பின்பாதிப் பக்கங்களையோ யாரோ ஒன்றோடொன்று முகம் பார்க்க வைத்து மைதாப் பசையால் அழுந்த ஒட்டியிருந்தார்கள்.

நேசபாய் கேட் வரைக்கும் வந்து சொன்னாள். “ஒட்டினத பிரிக்காண்டாம் மக்களே. அம்மை வேணுமுண்ணுதான் ஒட்டிப்போட்டா. முன்ன கெடக்கத மட்டும் படியுங்க, போதும்.”

ஜெபிஷ் தலையாட்டினான். அவன் கேட்கப்போவதில்லை என்பது பிரீனாவுக்கு அந்தத் தலையாட்டலிலேயே தெரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததிலிருந்து மழை விடவில்லை. மத்தியானமே வீட்டுக்குள் விளக்குப் போட வேண்டியிருந்தது. ஜெபிஷ் சாப்பாட்டு மேசையில் கரண்ட் அடுப்பை வைத்து, இட்லிப் பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கவிட்டு, ஒட்டிய பக்கங்களை ஆவியில் காட்டிக்காட்டி மெல்லிய கத்தியால் பிரித்தான். பசை இளகி எழுந்த வாசம் முதலில் புளித்த மாவைப் போலிருந்தது. பிறகு அது மாறி, நாள்கணக்கில் உலராத தலைமுடியின் வாடையாகி, திரைச்சீலையிலும் பிரீனாவின் புடவையிலும் ஏறி உட்கார்ந்துகொண்டது. எல்கேஜி படிக்கிற மகள் ஜெஸ்பின், அப்பாவின் முழங்கை ஓரமாக நாடியை மேசையில் ஊன்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் தாள் கிழியாமல் பிரிந்தது. படம் அப்படியே இருந்தது. கதவு, மழை, கறுப்புப் புடவை. வசன வட்டங்கள் மட்டும் காலியாக இருந்தன.

“எழுத்து மட்டும் எங்கட்டி போச்சு?” என்றான் ஜெபிஷ்.

“பசையோட வந்திருக்கும்.”

“பசையிலயும் ஒண்ணும் இல்லியே.”

அப்போது ஜெஸ்பின் பேசினாள்.

“உள்ளே யார் இருக்கிறீர்கள்? மழையில் நனைந்து வந்திருக்கிறேன். கதவைத் திறவுங்கள்.”

ஜெபிஷ் கத்தியை வைத்துவிட்டுச் சிரித்தான். “பாத்தியா எனக்க பிள்ளைய. படத்தப் பாத்தே வசனம் சொல்லுகா.”

பிரீனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ‘அ’னாவைத் தாண்டாத பிள்ளை. வாயைத் திறந்தால் மீன்காரி தோற்றுப்போவாள் என்று சொந்தக்காரர்கள் சிரிக்கிற பிள்ளை. அவளைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். பிள்ளை வழக்கத்தைவிட லேசாக இருந்தாள்.

“பால் குடிக்கியா மக்கா?”

“எனக்குப் பசி இல்லை. நீங்கள் அருந்துங்கள்.”

“ஏட்டி, விளையாடாத. அம்மைக்குப் பேடியா இருக்கு.”

“அஞ்ச வேண்டாம். வீடு நன்றாக இருக்கிறது.”

மேசைப் பக்கமிருந்து அடுத்த தாள் பிரிகிற சத்தம் கேட்டது. ஈரத்துணியை உரிப்பது போன்ற சத்தம். அது நின்றதும் ஜெஸ்பினின் வாய் திறந்தது. “இன்னும் ஓர் அறைதான்.” கண் இமைக்கவில்லை. மறுபடி சத்தம். மறுபடி வாய்.

பிரீனா நேசபாய்க்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள்.

“பிரிச்சிட்டாரா?”

“ஆமாக்கா.”

“எனக்க தங்கச்சி பேபி, எழுத்து படிக்கதுக்கு முன்னாலயே அத வாசிச்சா மக்களே. பிறவு அவளுக்க பேச்சு போச்சு. அச்சடிச்ச பேச்சா ஆயிப்போச்சு. மிச்சத்தையும் வாசிச்சிரப்பிடாதுண்ணுதான் அம்மை ஒட்டினா.”

“அவங்க இப்ப எங்க இருக்காங்க?”

பதில் வருமுன் போனுக்குள் தூரத்திலிருந்து இன்னொரு கிழட்டுக் குரல், நிதானமாக, தெளிவாகக் கேட்டது. “அழைப்பது யார், அக்கா?”

“போன வெச்சிரு மக்களே,” என்றாள் நேசபாய்.

பிரீனா சாப்பாட்டு மேசைக்கு ஓடினாள். “கொளுத்துங்க. இப்பவே.”

ஜெபிஷ் புத்தகத்தைப் பார்த்தான். கடைசியாக ஒட்டிக்கிடந்த தாள்கள்தான் பாக்கி. அவன் உதடு எதையோ சொல்ல அசைந்தது. அதற்குள் ஜெஸ்பின் அடுக்களை வாசலில் வந்து நின்று, “அவர் நிறுத்தமாட்டார்,” என்றாள். ஜெபிஷ் புத்தகத்தை வாரியெடுத்துக்கொண்டு புறவாசலுக்கு ஓடினான்.

பின்கட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் காய்ந்த தென்னோலையைக் கூட்டிப் புத்தகத்தை மேலே போட்டு, மண்ணெண்ணெய் ஊற்றினான். தீக்குச்சி நமுத்துப்போயிருந்தது. உரசினான். அணைந்தது. உரசினான். ஓலை பிடித்தது.

மழை தகரத்தில் அடிப்பதுபோல் கூரையில் அடித்தது. தீ உயர்ந்தது. சூட்டில் பசை கொப்பளித்தது. கடைசித் தாள்கள் யாரும் தொடாமல் தாமாகவே விரிந்தன.

அவற்றில் கறுப்புப் புடவைக்காரி இல்லை. கதவு திறந்து கிடந்தது. ஜன்னல் கம்பிக்குப் பின்னால் ஒரு சின்னப் பெண். காலையில் ஜெஸ்பினுக்குச் சர்ச்சுக்குப் போட்டுவிட்ட அதே கவுன்.

வசன வட்டம் வெறுமையாக இல்லை.

பிரீனா குனிந்தாள்.

‘எம்மா, இஞ்ச ஒரே இருட்டா கெடக்கு.’

தாள் சுருண்டது. அடுத்த படம்.

‘எம்மா, நீ நிக்கது தெரியுது. நான் விளிக்கது கேக்கலியா?’

அடுத்தது.

‘எம்மா, சுடுது.’

பிரீனா இரண்டு கையையும் தீக்குள் விட்டாள். ஜெபிஷ் அலறிக்கொண்டு அவள் தோளைப் பிடித்து இழுத்தான். தோல் கருகியது. அவள் விடவில்லை. அள்ளியதெல்லாம் விரலிடுக்கில் சாம்பலாய் உதிர்ந்தது. உள்ளங்கையில் ஒரு துண்டு மட்டும் மிஞ்சியது.

புறவாசல் நடையில் ஜெஸ்பின் நின்றிருந்தாள். காய்ந்த கவுன். அமைதியான முகம்.

“விட்டுவிடுங்கள்,” என்றாள். “முழுவதும் எரியட்டும்.”

பிரீனா திரும்பவில்லை. ஊதினாள். ஊத ஊதச் சிவந்தது. கையிலிருந்த துண்டில் ஒரே ஒரு வட்டம். அதன் விளிம்பைத் தின்றபடி கனல் நாலாபுறமும் உள்ளே வந்துகொண்டிருந்தது. நடுவே எழுத்துகள், இடம் போதாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு, சின்னதாகி, இன்னும் சின்னதாகி, வந்துகொண்டே இருந்தன.