மாமன் மடியில் ரெண்டு காதுகுத்து

ஒன்பது வயதுப் பழனாத்தாளுக்குக் கொஞ்ச நாளாகவே காது சரியாகக் கேட்கவில்லை. யார் பேசினாலும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கும்.

ஒருநாள் வாத்தியார், "பாட்டைப் படி" என்றார். இவள் அதை "மாட்டைப் பிடி" என்று நினைத்து வாசலுக்கு ஓடினாள். அங்கே நிஜமாகவே ஒரு மாடு நின்றது. பிடித்தும் விட்டாள்!

அப்புறம்தான் அம்மா அவளை நல்லேப்பிள்ளியிலிருந்து பாலக்காட்டுக்குக் கூட்டிப்போய்க் காது டாக்டரிடம் காட்டினார்.

"காதுச் சவ்வுக்குப் பின்னால நீர் கட்டியிருக்கு. சின்ன ஓட்டை போட்டு ஒரு குட்டிக் குழாய் வைக்கணும். சில மாசம் கழிச்சு அதுவே விழுந்துரும்" என்றார் டாக்டர். அந்தக் குழாய் அரிசியில் பாதிகூட இல்லை.

அன்றைக்கே அவளை வார்டில் சேர்த்தார்கள். ஊரில் போன் ஏது? அம்மா பஸ் கண்டக்டரிடம் சொல்லியனுப்பினார்: "நாளைக்குப் பாப்பாவுக்குக் காதுல ஓட்டை போடறாங்க. எந்தம்பியை வரச் சொல்லுங்க."

மறுநாள் காலை காளிச்சாமி மாமன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஒரு கையில் சீர்த்தட்டு. தட்டில் பட்டுப்பாவாடை, தேங்காய், பழம், பூ. தோளில் புத்தம் புதுத் துண்டு.

"ஏனக்கா, பாப்பாவுக்கு மேல்காது குத்தறீங்களாமா? மாமன் மடி இல்லாம குத்திருவீங்களா?" என்றார் மூச்சு வாங்க.

அம்மா சிரித்த சிரிப்பில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அட ராமா! இது ஆபரேஷன்டா!"

மாமன் முகம் சுருங்கிப்போனது. பழனாத்தாளுக்குப் பாவமாக இருந்தது. "பரவால்லீங் மாமா. எதா இருந்தாலும் ஓட்டைதானுங்களே!" என்று மடியில் ஏறி உட்கார்ந்தாள். காலையிலிருந்து இருந்த பயம் அங்கே உட்கார்ந்ததும் பாதியாகக் குறைந்தது.

அடுத்த கட்டிலில் சுருளிவேல் இருந்தார். வெகுதூரத்து வண்டன்மேட்டில் ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை செய்பவர். ஆள் மலை மாதிரி. மீசை அதைவிடப் பெரிது. அவருக்கும் அன்றைக்கு அதே ஆபரேஷன்தான். ஆனால் அவர் வேட்டியைச் சுருட்டிப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தார்.

"எங்க போறீங்க?" என்று கத்தினாள் பழனாத்தாள்.

"என்னது?"

"எங்க போறீங்கன்னு கேட்டேன்!"

"ரகசியம் தாயி! நான் ஓடிப்போகப் போறேன்! யார்கிட்டயும் சொல்லிராத!" என்று அவரும் கத்தினார்.

வார்டே திரும்பிப் பார்த்தது. பாவம், ரெண்டு பேருக்கும் காது கேட்காதே! நேற்றிலிருந்து அவர்கள் ரகசியம் பேசுவது இப்படித்தான்.

"உங்க குட்டிப்பொண்ணு பேச ஆரம்பிச்சிருச்சுன்னு சொன்னீங்களே! அதைக் கேக்க வேண்டாமுங்களா?"

சுருளிவேலின் மீசை துடித்தது. "அது எங்கிட்ட வந்து என்னமோ சொல்லுது தாயி. ஒண்ணும் வெளங்கல. கேக்க ஆசதான். ஆனா பயமா இருக்கே! ஒனக்கு அம்மா இருக்காக, மாமன் இருக்காரு. எனக்கு யாரு இருக்கா இங்க?"

பழனாத்தாள் ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு மடியிலிருந்து குதித்தாள்.

"மாமா, எந்திரிச்சிராதீங்க! ஏனுங், நீங்க வாங்க. எங்க மாமன் மடியில உக்காருங்க. உங்களுக்கும் இன்னைக்குக் காதுகுத்துதானுங்களே!"

காளிச்சாமி மாமன் ஒல்லி. மீசையே இப்போதுதான் முளைக்கிறது. "கண்ணு, மாமனுக்கு எலும்பு மிஞ்ச வேண்டாமா?" என்றார். ஆனால் மருமகள் முகத்தைப் பார்த்ததும் தொடையைத் தட்டினார். "வாங்க... மெல்ல, மெல்ல!"

சுருளிவேல் உட்கார்ந்தார். கட்டில் கிறீச்சிட்டது. மாமனும்தான்! பழனாத்தாள் மாமனின் புதுத் துண்டை உருவி, சுருளிவேலின் தலையில் உருமால் கட்டிவிட்டாள்.

நர்ஸம்மா உள்ளே வந்து, "எந்தா இது? கல்யாணமோ?" என்று உரக்கக் கேட்டு வாயைப் பிளந்தார்.

சுருளிவேல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மாமன் அலறினார். அப்புறம் சுருளிவேல் பையைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, தானே நர்ஸம்மா பின்னால் நடந்து போனார்.

ஆபரேஷன் ரெண்டும் நல்லபடியாக முடிந்தன. மறுநாள் காலையில் பழனாத்தாள் கண் விழித்தபோது அம்மாவின் வளையல் சத்தம் கேட்டது. காக்கை கத்தியது. எத்தனை நாளாயிற்று!

"பழனீ...!" என்று மாமன் பழக்கதோஷத்தில் கத்தினார். அவள் ரெண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "மெதுவாப் பேசுங் மாமா!"

டாக்டர் வந்து, "குழாய் விழற வரைக்கும் காதுல தண்ணி போகக் கூடாது. எண்ணெயும் விடக் கூடாது" என்று ரெண்டு பேரிடமும் சொன்னார்.

சுருளிவேல் ஊருக்குக் கிளம்பினார். தன்னைவிட இருபது வயது சின்னவரான காளிச்சாமியைக் கும்பிட்டு, "மாமா, போயிட்டு வாரேன்" என்றார்.

மாமனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சுருளிவேல் வாசல்வரை போனபிறகு, தலையைக் குனிந்து தனக்குத்தானே முணுமுணுத்தார். "காதுல தண்ணி படாம பாத்துக்கோ, மாப்ளே."

வாசலில் சுருளிவேல் சட்டென்று திரும்பினார்.

"பாத்துக்கிடுதேன் மாமா!"

"அவருக்குக் கேட்டிருச்சு!" என்று பழனாத்தாள் கைதட்டினாள். "அம்மா, அவருக்குக் கேட்டிருச்சுங்!"