ஒரு சாண் தூரம்

மைக்கைப் பலகை மேல் வைத்தால் சத்தமில்லை. மாராயி கழுத்தில் மாட்டினால் மட்டும் முனகியது.

செங்கோட்டையன் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பட்டாளத்தில் மூன்று வருஷம் கம்பியும் பேட்டரியுமாகக் கிடந்தவன் அவன். உடம்பில் மாட்டிய மைக்கில் சேலை உரசும், மூச்சு இரையும் என்பதெல்லாம் தெரிந்த சங்கதி. சண்டை முடிந்து பர்மாவிலிருந்து மலைமேல் இருக்கும் தன் ஊரான பைல் நாட்டுக்குத் திரும்பும்போது, உடைந்த டெலிபோன் ஒன்றின் மைக்கையும் ஒரு ஹெட்போனையும் துணி மூட்டைக்குள் ஒளித்துக் கொண்டுவந்திருந்தான். திருட்டுத்தான். ஆனால் வீட்டு நிலைமை அப்படி இருந்தது.

அவன் பட்டாளத்துக்குப் போன பிறகு மாராயிக்குப் பிறந்த மகள் கண்ணாயி. அவளுக்கு ஒன்றரை வயது நடக்கும்போது மலைக்காய்ச்சல் வந்து தாயையும் பிள்ளையையும் ஒரே பாயில் கிடத்தியது. காய்ச்சலுக்குக் கொடுத்த கொயினா மாத்திரை மாராயியின் உயிரை விட்டுவிட்டுக் காதை எடுத்துக்கொண்டது. கடைசி ராத்திரி முழுக்கப் பிள்ளை தண்ணீர் கேட்டு அழுதிருக்கிறது. அடுத்த வீட்டு ருக்குமணிக்குக்கூடக் கேட்டிருக்கிறது. தாய்தான் பக்கத்தில் இருக்கிறாளே என்று அவள் எழுந்து வரவில்லை. பக்கத்தில் இருந்த தாய்க்குத்தான் கேட்கவில்லை. விடிந்து மாராயி தொட்டுப் பார்த்தபோது பிள்ளை சில்லிட்டிருந்தது.

புருஷன் ஊர் திரும்பிய அன்று அவள் அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"எனக்குக் காது வேணுங்க. இனி ஆரு கூப்பிட்டாலும் கேக்கோணும்."

பாவி மகள், வேறெதைக் கேட்டிருந்தாலும் அவன் இவ்வளவு பாடுபட்டிருக்க மாட்டான். பொடி டப்பா ஒன்றில் மைக்கை அடைத்து அவள் கழுத்தில் தொங்கவிட்டான். டார்ச் செல்களைப் பையில் போட்டு இடுப்பில் கட்டினான். ஹெட்போனை இரண்டாகப் பிரித்து, ஒன்றை அவள் காதில் வைத்துத் துணியால் கட்டி, சரியாகக் கேட்கிறதா என்று பார்க்க மற்றொன்றை நீளக் கம்பியில் தனக்கு வைத்துக்கொண்டான். முதல் நாள் அவள் தன் வளையல் சத்தத்தைக் கேட்டு அழுதாள். மூன்றாம் நாள், குழந்தை அழுகிறது என்றாள்.

அது மைக்குக்குள் இருக்கும் கரித்தூள் போடும் இரைச்சல் என்று அவன் எடுத்துச் சொன்னான். சொன்னவனுக்கும் அந்த முனகல் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. டப்பாவுக்குள் ஆட்டு மயிரைத் திணித்தான். சைக்கிள் டியூபை வெட்டி, அந்த ரப்பர் வாரில் மைக்கைத் தொங்கவிட்டான். சேலை உரசல் போயிற்று. கூரையிலிருந்து ஓயாமல் சொட்டும் ஐப்பசி மழையும், பலா மரத்தைப் பிடித்து உலுக்கும் காற்றும், பள்ளத்தில் விழும் ஓடையும் கலந்து ஒரே இரைச்சலாகக் கேட்டன; அதற்கெல்லாம் அடியில் அந்த முனகல் போகாமல் கிடந்தது.

அப்போதுதான் டாங்கிக்காரர்கள் உதட்டருகே கட்டிக்கொள்ளும் மைக் ஞாபகம் வந்தது. அதில் முன்னால் ஓர் ஓட்டை, பின்னால் ஓர் ஓட்டை. தூரத்துச் சத்தம் இரண்டு வழியாகவும் ஒரே பலத்தில் நுழைந்து, ஒன்றோடொன்று மோதி அழிந்துபோகும். மைக்குக்கு ஒரு சாண் தூரத்துக்குள் எழும் சத்தம் மட்டும் பிழைத்துக்கொள்ளும். குண்டு வெடித்தாலும் பேச்சு கேட்கும். அதை அவன் தன் காதாலேயே கேட்டிருக்கிறான்.

பேளுக்குறிச்சிச் சந்தைக்கு இறங்கிப் புதுச் செல் வாங்கிவந்தான். மறுநாள் மத்தியானம் டப்பாவைப் பிரித்து, திணித்த மயிரை உருவி எறிந்துவிட்டுப் பின்பக்கம் ஓட்டை போட்டான். வெளியே மழை விடவில்லை; வாசலில் மஞ்சு இறங்கி எதிர் வேலி மறைந்திருந்தது. அடுப்பில் களி வெந்துகொண்டிருந்த வாசனை. மாராயி கழுத்தில் டப்பாவை மாட்டி, தன் பங்கு ஹெட்போனைக் காதில் வைத்துக்கொண்டான்.

மழை இல்லை. காற்று இல்லை. ஓடை இல்லை. ஜெயித்துவிட்டோம் என்று ஒரு நிமிஷம் சிரித்தேவிட்டான்.

பிறகு கேட்டது.

"அம்மா... தண்ணி..."

துல்லியமாகக் கேட்டது. மேலே மூட எதுவும் இல்லாமல்.

தூரத்துச் சத்தம் இதில் கேட்காது. கேட்கவே கேட்காது. ஒரு சாண். அதற்குள் மாராயியின் நெஞ்சும் தாடையும்தான் இருந்தன. அவள் வாய் மூடியிருந்தது.

தன் மகளின் குரலை அவன் ஒரு தடவையும் கேட்டதில்லை. அதனால்தான் அதை இரைச்சல் என்று நினைத்திருக்கிறான். இத்தனை நாளும் பெற்ற பிள்ளையின் வாயில் ஆட்டு மயிரை அடைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"உங்களுக்கும் கேக்குதுங்களா?" என்றாள் மாராயி.

இல்லை என்று தலையாட்டினான். அவள் இடுப்புப் பையிலிருந்த செல்லின் கம்பியைப் பிடுங்கினான். அவன் காதில் சத்தம் நின்றது. அவள் காதிலும் நின்றிருக்க வேண்டும்.

மாராயி தலையைத் தாழ்த்தி எதையோ கேட்டுக்கொண்டாள்.

"இரு சாமி. இதா வாரேன்."

எழுந்து போய்ப் பானையில் ஒரு டம்ளர் தண்ணீர் மோந்து வந்து உட்கார்ந்தாள். இடது கையை மடித்து மார்போடு வளைத்துக்கொண்டாள். வலது கையில் டம்ளரை மெல்லச் சாய்த்தாள்.

தண்ணீர் சிந்தவில்லை.

டம்ளருக்குள் மட்டம் இறங்கியது. கொஞ்சம். இன்னும் கொஞ்சம். நின்றது. மறுபடி இறங்கியது. சாணி மெழுகிய தரையைப் பார்த்தான். காய்ந்து கிடந்தது. அவள் சேலையைப் பார்த்தான். ஒரு சொட்டு இல்லை. டம்ளர் காலி.

முந்தானை நுனியால், தன் தாடைக்குக் கீழே வெறும் காற்றில், ஒரு வாயைத் துடைத்துவிட்டாள். இத்தனை நாளில் முதல் தடவையாக அவள் முகம் தெளிந்திருந்தது.

"அப்பனைக் கேக்குதுங்க. உங்களைப் பாத்ததே இல்லீல்ல. கையை நீட்டுங்க."

கால் வாசலுக்கு இழுத்தது. ஓடு, ஓடு என்றது. கைகள் மட்டும் நீண்டன. அவன்தான் நீட்டினானா என்று அவனுக்கே தெரியவில்லை.

மாராயி குனிந்தாள். பார்த்து, பதனமாக, கழுத்துக்கு ஒரு கை கொடுத்து மாற்றிவிட்டாள்.

பாரம். ஒன்றரை வயசுப் பாரம்.

அவன் சட்டையை எதுவோ கொத்தாகப் பற்றிக்கொண்டது. கழுத்தில் மூச்சுப் பட்டது. சுட்டது.

காய்ச்சல் இன்னும் விட்டிருக்கவில்லை.