இடது ஓரத்தில் நின்றவர்

சாவு வீட்டுக்குள் நுழையும்போது யாரும் 'வாங்க' என்று சொல்லமாட்டார்கள். கிளம்பும்போது நாமும் 'போய் வருகிறேன்' என்று சொல்லக்கூடாது. சத்தமில்லாமல் போய்ச் சத்தமில்லாமல் வந்துவிட வேண்டும். மரக்காணம் பக்கம் பதினைந்து வருடமாக வீடியோ எடுக்கிற எனக்கு இதெல்லாம் அத்துப்படி. அத்துப்படியாக இருந்து என்ன பிரயோஜனம், வாய் என்று ஒன்று இருக்கிறதே.

கல்யாணங்களை ட்ரோன்காரர்கள் கொண்டுபோன பிறகு, என் பழைய ஹேண்டிகேமை நம்பிக் கூப்பிடுவது துக்க வீட்டுக்காரர்கள்தான். ஞானாம்பாள் அம்மா இறந்தபோதும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். உப்பளத்தில் கூலி வேலை செய்தவர். மகன் குவைத்தில் இருந்தான், லீவு கிடைக்கவில்லை. அம்மாவை முழுசாக எடுத்து அனுப்பச் சொல்லித் தங்கை பிரியதர்ஷினியிடம் அழுதிருக்கிறான்.

கார்த்திகை மாதம். மழை விட்டு விட்டுப் பெய்தது. பாத்திகளெல்லாம் முங்கி, உப்பளமே ஏரி மாதிரி கிடந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது பகல் ஒரு மணி. பத்தடி அறை. நடுவில் அம்மா, சுற்றிலும் பெண்கள். சுவரோடு ஒட்டி நின்றாலும் கேமராவுக்குள் பாதி அறைகூட அடங்கவில்லை.

இதற்கென்றே என்னிடம் ஒரு வைட் லென்ஸ் உண்டு. கேமராவின் லென்ஸுக்கு முன்னால் திருகி மாட்டுகிற கனத்த கண்ணாடி. பத்தடி அறையை இருபதடியாகக் காட்டும், கண் பார்க்காத ஓரங்களையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். அவசரத்தில், தூசி படாமல் இருக்க மாட்டியிருந்த ஃபில்டரைக் கழற்றாமல் அதன் மேலேயே அதைத் திருகிவிட்டேன். அப்படி மாட்டினால் படத்தின் நான்கு மூலையும் கறுத்துப்போகும். கேமராவின் சின்னத் திரை ஓரங்களைக் கொஞ்சம் வெட்டித்தான் காட்டும் என்பதால் அப்போது எனக்குத் தெரியவில்லை.

வைட் லென்ஸில் ஒரு தொல்லை. பக்கத்தில் நிற்பவர்களின் முழங்கை, முந்தானை எல்லாம் வந்து விழும். அதனால் கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே 'தள்ளிக்குங்க, தள்ளிக்குங்க' என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். அன்றைக்கும் வாசற்படியில் யாரோ என் இடது தோளை உரசினார்கள்.

"ண்ணா, கொஞ்சம் பின்னால போங்க. ஃப்ரேம்ல வர்றீங்க."

உரசல் விலகியது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

எல்லோரும் கோடிக்காகக் காத்திருந்தார்கள். பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து புதுப்புடவை வந்து, அதைப் போர்த்திய பிறகுதான் தூக்குவார்கள். கொண்டுவர வேண்டியவர் பக்கத்து ஊர் பிரம்மதேசத்தில் இருக்கும் தம்பி சகாதேவன். அவர் மூன்று வருடமாக இந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. பிரியதர்ஷினியின் கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் என்று போட வேண்டிய இடத்தில் அவர் பெயர் விட்டுப்போனதாம். அச்சகத்தின் தவறென்று சொல்லியும் மனிதர் சமாதானமாகவில்லை.

நான்கு மணி வரை பார்த்தார்கள். மழையில் அங்கே யாருக்கும் போன் போகவில்லை. வானம் மறுபடி இருட்டிக்கொண்டு வந்தது. கடைசியில் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் கோடிக்குப் பதிலாக ஒரு துண்டைப் போர்த்தினார். பிரியதர்ஷினி அம்மாவின் தலைமாட்டில் எழுந்து நின்றாள்.

"கூடப் பொறந்தவ செத்துக் கெடக்குறா, அதுக்குக் கூட வரல. வராமயே போவட்டும். இனிமே அவரு எனக்குச் செத்தவரு."

அதையும் எடுத்தேன். எடுக்கும்போது இடது தோள் சில்லென்று நனைந்தது. ஓட்டு வீடு, எங்கோ ஒழுகுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் பிற்பகல், வீட்டில் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். நான்கு மூலையிலும் இருட்டு. என்னை நானே திட்டிக்கொண்டேன். படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினால் மூலைகள் வெளியே போய்விடும் என்று கை வைக்கப் போனபோதுதான் அவரைப் பார்த்தேன்.

இடது ஓரம். கறுப்புக்குப் பக்கத்தில்.

ஐம்பது வயதிருக்கும். கட்டம்போட்ட சட்டை உடம்போடு ஒட்டிக் கிடந்தது. நெஞ்சில் ஒரு துணிக்கடைப் பையை இரண்டு கையாலும் அணைத்திருந்தார். முழங்கால் வரை சாம்பல் நிறச் சேறு. ஐந்தாறு அடி தள்ளி நிற்பதுபோல் தெரிந்தார். என் குரல் கேட்டது: "ண்ணா, கொஞ்சம் பின்னால போங்க."

அவர் பணிவாகப் பின்னால் போனார்.

அறைக்குள் எடுத்ததிலும் இருந்தார். அதே ஓரம், அதே பை. யாரும் அவரைப் பார்க்கவில்லை. பிரியதர்ஷினி 'எனக்குச் செத்தவரு' என்று சொன்ன இடத்தில் அவர் தலை மெல்லக் கவிழ்ந்தது.

எனக்கு ஒன்று உறுத்தியது. அறைக்குள் நான் நின்ற இடத்தில் என் இடது பக்கம் இரும்பு பீரோ. தோளுக்கும் பீரோவுக்கும் நடுவில் ஒரு சாண்தான் இருக்கும். இவர் எங்கே நின்றார்?

வைட் லென்ஸ் பக்கத்தில் இருப்பதைத் தூரமாகக் காட்டும். எவ்வளவு பக்கம் என்று தெரிய வேண்டும்போல் இருந்தது. அதே லென்ஸை மாட்டி, என் மனைவி சகாயசெல்வியை இடது பக்கம் நிற்கவைத்தேன். திரையில் அவள் அந்த மனிதரைவிடச் சின்னதாகத் தெரிந்தாள்.

"கிட்ட வா."

வந்தாள். போதவில்லை.

"இன்னும் கிட்ட."

"இன்னா வெளையாட்டு இது? இதுக்கு மேல எங்க வர்றது?"

"வா செல்வி."

அந்த மனிதர் தெரிந்த அதே அளவுக்கு அவள் வந்தபோது, அவள் மூச்சு என் காதில் பட்டது.

நான் கேமராவைக் கீழே வைத்துவிட்டேன். பயந்துபோயிருந்தேன், சொல்வதில் வெட்கமில்லை.

படத்தை நிறுத்தி, திரையை போனில் ஒரு போட்டோ எடுத்துப் பிரியதர்ஷினிக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள்.

"ண்ணா, இது எப்ப எடுத்தது?"

"நேத்து ஒன்னு பத்துக்கு. ஒங்க வாசப்படியில."

அவள் கிசுகிசுத்தாள். "எங்க மாமா. ஆனா அவரு வரலண்ணா. அத்தை இப்பத்தான் போன் பண்ணாங்க. நேத்து காலையில பொடவை எடுத்துக்கினு கெளம்பினவரு, இன்னும் வீடு திரும்பலயாம். இங்க இருக்காருன்னு அவங்க நெனச்சிக்கினு இருந்தாங்க."

அன்று சாயங்காலமே தேடிப்போனவர்கள் கண்டுபிடித்தார்கள். சாலை வழியாகச் சுற்றி வந்தால் நேரமாகும் என்று உப்பளத்து வரப்பின் மேல் வண்டியில் வந்திருக்கிறார். வரப்பு இடிந்து, வண்டியோடு வாய்க்காலில் விழுந்து, சேறு இழுத்துக்கொண்டது. பகல் பதினொரு மணிக்கே உயிர் போயிருக்கும் என்றார் டாக்டர். நான் அவரைத் தள்ளி நிற்கச் சொல்வதற்கு இரண்டு மணி நேரம் முன்னால்.

புடவைப் பை மட்டும் கிடைக்கவில்லை.

பிரியதர்ஷினி ஒருநாள் வந்து முழுசாகப் பார்த்தாள். தன் குரல் வந்த இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுது முடித்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

"நான் சொன்னத அவரு கேட்டுக்கினுதான் இருந்திருக்காரு. நீங்க அவர அம்மா கிட்டயே உடல."

"தெரியாதும்மா. தெரிஞ்சி பண்ணல."

"அம்மா காரியத்தன்னிக்கு வந்து எடுங்க. தள்ளி நிக்கச் சொன்னது நீங்க. கிட்ட போவச் சொல்றதும் நீங்கதான் சொல்லணும். போங்கன்னு மட்டும் சொல்லுங்க ண்ணா. வேற எதுவும் சொல்லிடாதீங்க."

பதினாறாம் நாள் போனேன். இந்த முறை ஃபில்டரைக் கழற்றிவிட்டே லென்ஸை மாட்டினேன். அதே அறை. அம்மா இருந்த இடத்தில் மாலை போட்ட போட்டோ, முன்னால் படையல். நல்ல வெயில் அடித்தது. வெளியே ஆட்கள் பந்திக்கு இலை போடும் சத்தம்.

பத்து நிமிடம் ஒன்றுமில்லை.

பிறகு சேற்று நாற்றம். உப்பளத்தில் தண்ணீர் வற்றும்போது எழுமே, அந்த நாற்றம்.

இடது தோள் நனைந்தது.

சின்னத் திரையைப் பார்த்தேன். ஓரத்தில் பையின் ஒரு நுனி. அதைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்து ஊறிப்போயிருந்தன. என் காதோரம் ஈர மூச்சு. நான் சொல்லும்வரை கிட்டே போகமாட்டேன் என்பதுபோல் அந்த விரல்கள் அசையாமல் இருந்தன.

பிரியதர்ஷினி எதிர்ச்சுவரில் சாய்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போங்க என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல வேண்டியதுதானே. ஆனால் கல்யாண வீடுகளில் கூச்சப்பட்டு ஓரமாக நிற்கிறவர்களைப் பார்த்துப் பதினைந்து வருடமாகச் சொல்லிப் பழகியதுதான் வாயில் வந்தது.

"வாங்கண்ணா. கூச்சப்படாதீங்க. எங்கூடயே வாங்க."

பிரியதர்ஷினியின் முகம் மாறியது.

நான் போட்டோவை நோக்கி இரண்டடி வைத்தேன். தோளை ஒட்டிய குளிர் என்னோடு வந்தது. போட்டோவுக்கு முன்னால் வெறும் சிமெண்டுத் தரையில், மடித்த புடவை அளவுக்கு ஓர் ஈரம் மெல்லப் பரவியது. ஓரங்களெல்லாம் நேராக இருந்தன. நாங்கள் பார்க்கப் பார்க்கவே அது காய்ந்து வெள்ளை உப்பாகப் படிந்தது.

அவள் தரையில் விழுந்து "மாமா" என்றாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது. கோடி வந்துவிட்டது. சொல்லிக்கொள்ளாமல் கிளம்பி வந்துவிட்டேன். வீட்டில் போட்டுப் பார்த்தபோது இடது ஓரம் காலியாக இருந்தது.

போன வாரம் இடையஞ்சாவடியில் ஒரு காதுகுத்து. சின்ன மண்டபம், நெருக்கியடிக்கும் கூட்டம். வைட் லென்ஸை மாட்டிக்கொண்டு நின்றேன். இப்போதெல்லாம் நான் யாரையும் தள்ளி நிற்கச் சொல்வதே இல்லை. யார் முழங்கை வந்தாலும் வரட்டும்.

எல்லாப் பக்கமும் இடித்தார்கள். என் இடது பக்கம் மட்டும் யாரும் இடிக்கவில்லை. ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டு, அதற்கப்பால் நெருக்கிக்கொண்டு நின்றார்கள்.

கேமராவை இறக்கிவிட்டு, ஓரத்தில் குழந்தையோடு நின்ற அம்மாவிடம் சொன்னேன். "ஏம்மா அங்க நசுங்குறீங்க? இங்கதான் எடமிருக்கே."

அவர் என்னை ஒருமாதிரி பார்த்தார்.

"நீங்கதானே இப்ப சொன்னீங்க? தள்ளி நில்லுங்க, எங்கூட ஒருத்தர் வந்திருக்காருன்னு."

நான் அதுவரை வாயைத் திறக்கவே இல்லை.