எழுதாத ஊசி

சேலையூர் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் தெருக்களில், அடுக்குமாடிகளுக்கு நடுவே இன்னும் இடிக்காமல் விட்டுவைத்த தனி வீடுகள் நாலைந்து உண்டு. ஹில்டா டீச்சர் வீடு அவற்றில் ஒன்று. வெளியே ஏப்ரல் வெயில் காலை எட்டரைக்கே கொதித்துக்கொண்டிருக்க, அந்த வீட்டுக்குள் விளக்குப் போடாமல் செருப்பைக்கூடத் தேட முடியாது. கெசியா முதல் நாள் உள்ளே நுழைந்தபோது ஈரத்துணியும் ஸ்பிரிட்டும் கலந்த வாசனை அடித்தது. நோயாளி இருக்கிற வீடு வேறு எப்படி இருக்கும் என்று அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

டீச்சருக்கு எழுபத்துநாலு வயது. பக்கவாதத்தில் கையும் காலும் பேச்சும் போய், மூக்குக் குழாய் வழியாகத்தான் சாப்பாடு. கூடவே சர்க்கரை வியாதி. மகன் தயாளன் பேங்க் வேலைக்குப் போய்த் திரும்பும்வரை, எட்டரையிலிருந்து ஐந்தரை வரை, பக்கத்தில் ஒரு நர்ஸ் வேண்டும். பழைய நர்ஸ் நின்றுவிட்டதாகச் சொன்னார். சொல்லும்போது கெசியாவின் முகத்தைப் பார்க்காமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

கெசியாவுக்கு இது இரண்டாவது வேலை. முதல் வேலை தாம்பரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், இரவு எட்டிலிருந்து காலை எட்டு. யாரும் நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கக் கூடாது, வெளி வேலை பார்த்தால் சீட்டுக் கிழியும் என்று அங்கே நோட்டீஸ் போர்டில் ஒரு காகிதம். பக்கத்திலேயே பன்னிரண்டு மணி நேர டூட்டி லிஸ்ட். இரண்டையும் ஒரே குண்டூசியில் குத்திவைத்திருந்தார்கள், மகராசர்கள். கணவன் காலேப் வேலை பார்த்த கம்பெனி மூடி எட்டு மாதம் ஆகிறது. அவள் ஒருத்தி சம்பளத்தில் வாடகை கொடுத்தால் பெண்ணின் பள்ளிக்கூடம் இல்லை. வேறு என்ன செய்வாள்?

அவளுடைய பயமெல்லாம் ஒன்றே ஒன்றுதான். தூங்கிவிடுவேனோ? தூங்கும்போது டீச்சருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? வாய்விட்டுக் கூப்பிடக்கூட முடியாத உயிர் அது.

மூன்றாம் நாள் தூங்கித்தான் போனாள். பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது என்பார்கள். கட்டிலோரத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில், கழுத்து ஒரு பக்கம் தொங்க, பதினொன்றரைக்குக் கண்ணை மூடியவள் விழித்தபோது மணி இரண்டேகால். பன்னிரண்டு மணிக்கு டீச்சரைப் புரட்டிப் படுக்க வைத்திருக்க வேண்டும், பி.பி. பார்த்திருக்க வேண்டும், ஒரு மணிக்கு இன்சுலின், பிறகு கஞ்சி.

டீச்சர் இடப்பக்கம் புரண்டு படுத்திருந்தார். முழங்கால்களுக்கு நடுவே தலையணை. கஞ்சிப் பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருந்தது.

சார்ட்டில் எல்லாம் எழுதியிருந்தது. பன்னிரண்டு மணி பி.பி., ஒரு மணி ஊசி, கஞ்சி எத்தனை மில்லி என்பதுவரை.

எழுத்து கெசியாவுடையதில்லை. வலப்பக்கம் சாய்ந்த, நெருக்கமான எழுத்து.

தூக்கக் கலக்கத்தில் தானே செய்திருப்போம் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். மறுநாளும் அப்படியே நடந்தது. அதற்கும் மறுநாள் பாதி விழிப்பில் ரப்பர் செருப்புச் சத்தம் கேட்டது. சரக், சரக் என்று கட்டிலைச் சுற்றி ஒரு நடை. இமையைத் திறக்க முடியவில்லை. கஷ்டப்பட்டு ஒரு கீற்றளவு திறந்தபோது அறையில் யாரும் இல்லை.

டீச்சரின் கண்கள் மட்டும் நகர்ந்துகொண்டிருந்தன.

தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்கு. கால்மாட்டிலிருந்து மருந்து மேஜைக்கு.

நடக்கிற ஒருவரைப் பார்க்கிற கண்கள்.

அந்த வார வெள்ளிக்கிழமை, தெருவில் மீன் கூடையோடு வருகிற அம்மா கேட்டருகே நின்று பேச்சுக் கொடுத்தாள்.

"இன்னா நர்ஸம்மா, புச்சா வந்துகிறியா? முன்னால இருந்துச்சே மேரிம்மா, பாவம், பூட்சி. ராவெல்லாம் ஆஸ்பத்திரி, பகலெல்லாம் இந்த வூடு. வண்டி ஓட்டிக்கினே தூங்கிடுச்சி போல. கேம்ப் ரோட்டாண்ட பஸ்ஸுல வுட்டுகிச்சி."

எப்போது என்று கெசியா கேட்டாள். பெரிய வெள்ளிக்கு முந்தின நாள், காலை எட்டு மணிக்கு, இங்கே வருகிற வழியில்தான் என்றாள் அந்த அம்மா. செல்வமேரி என்பது முழுப் பெயராம். கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு அவள் போய்விட்டாள்.

கெசியா உள்ளே வந்து பழைய சார்ட்டுகளை எடுத்தாள். பெரிய வியாழன் தாளைத் தேடிப் பிரித்தாள். காலை எட்டரை, பி.பி. நூற்று முப்பதுக்கு எண்பது. ஒன்பதரை, உடம்பு துடைத்தாயிற்று. ஐந்தரைவரை ஒரு கட்டம் விடாமல் நிரப்பியிருந்தது. வலப்பக்கம் சாய்ந்த, நெருக்கமான எழுத்து. கீழே எஸ்.எம். என்று கையெழுத்து.

எட்டு மணிக்குச் செத்தவள் எட்டரைக்கு டூட்டிக்கு வந்திருக்கிறாள்.

அன்றே ஓடியிருக்க வேண்டும்தானே? நீங்களும் நானும் என்றால் ஓடியிருப்போம், நாம் ராத்திரி தூங்குகிற ஜென்மங்கள். கெசியாவுக்கு ஈரக்குலை நடுங்கியது உண்மை. நடுக்கத்துக்கு அடியில், வெட்கத்தை விட்டுச் சொன்னால், நிம்மதியாகவும் இருந்தது. டீச்சரைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இருக்கிறது. தலைவலித் தைலம் தேய்த்துவிடக்கூட ஆளில்லாத ஊரில், தன்னைத் தூங்கவிடுகிற ஒரே ஜீவன் அதுதான். திங்கட்கிழமை அவள் கைப்பையில் ஒரு சின்னத் தலையணையும் வந்தது.

இப்படியே இரண்டு வாரம் ஓடியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியில் ஆள் வரவில்லை என்று பகல் டூட்டிக்கும் கூப்பிட்டார்கள். நோட்டீஸ் போர்டு அது பாட்டுக்கு இருந்தது. ஞாயிறு காலை எட்டிலிருந்து திங்கள் காலை எட்டுவரை நின்ற காலோடு கெசியா டீச்சர் வீட்டுக்கு வந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மணிவரை உட்காராமல் இருந்தாள். ஒரு மணிக்கு இன்சுலின் பன்னிரண்டு யூனிட் ஏற்றி டீச்சர் வயிற்றில் போட்டாள். உட்கார்ந்து எழுதலாம் என்று நாற்காலியில் சாய்ந்தாள்.

விழித்தபோது மணி இரண்டு. அறை முழுக்க, கெசியா போடாத கியூட்டிகுரா பவுடர் வாசனை.

சார்ட்டில் ஒரு மணிக் கட்டம் நிரம்பியிருந்தது. இன்சுலின் பன்னிரண்டு யூனிட். எஸ்.எம்.

ஆனால் ஊசி போட்டது நான்.

கெசியா குப்பை டப்பாவைத் திறந்தாள். ஊசிகள் இரண்டு கிடந்தன. டீச்சரின் நைட்டியை விலக்கினாள். வயிற்றில் இரண்டு புள்ளிகள், இரண்டிலும் ரத்தம் காயவில்லை. கஞ்சி அப்படியே ஆறிக் கிடந்தது.

நர்சிங் படிக்கிற பெண்ணுக்கு முதல் வருஷமே சொல்லிக்கொடுப்பது இது: எழுதாதது செய்யாதது. கட்டம் காலியாக இருந்தால் ஊசி போடவில்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். செல்வமேரி நல்ல நர்ஸ். காலிக் கட்டத்தைப் பார்த்திருக்கிறாள், செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறாள். தப்பு கெசியாவுடையது.

டீச்சரின் உடம்பு சில்லிட்டு வியர்வையில் நனைந்திருந்தது. கண்கள் மேலே செருகியிருந்தன. விரலில் குத்திப் பார்த்தாள். சுகர் முப்பத்தெட்டு.

"ஆண்டவரே, இந்த ஒரு தடவை," என்று முணுமுணுத்தபடி குளுக்கோஸைக் கரைத்துக் குழாயில் ஊற்றினாள். டாக்டருக்குப் போன் போட்டாள், தயாளனுக்குப் போட்டாள், நடந்ததை மறைக்காமல் சொன்னாள். நாற்பத்தாறு. மறுபடி ஊற்றினாள். அறுபத்தொன்று. அவள் குழாயில் ஊற்றியபோதெல்லாம் கட்டிலின் அந்தப் பக்கத்தில் செருப்புச் சத்தமும் தத்தளித்தது. அதுவும் பதறிக்கொண்டிருந்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனார். ஐந்தரைக்கு நூற்றுப் பத்தில் நின்றது. டீச்சர் கண் திறந்தார்.

கெசியாவுக்கு அப்போதுதான் புரிந்தது. அடுத்த டூட்டிக்காரி கட்டிலோரம் வந்து நின்று, கேஸைக் கேட்டு எடுத்துக்கொள்ளாமல் எந்த நர்ஸும் வார்டை விட்டு நகரக் கூடாது. செல்வமேரியிடமிருந்து யாரும் எடுத்துக்கொள்ளவே இல்லை. அவள் எப்படிப் போவாள்?

காலியாக இருந்த அந்தப் பக்கத்தைப் பார்த்துக் கெசியா மெல்லச் சொன்னாள்.

"மேரி சிஸ்டர், பேஷண்டை நான் எடுத்துக்கிட்டேன். சுகர் நூத்திப் பத்து. இங்க உங்க டூட்டி முடிஞ்சிடுச்சு. கிளம்புங்க சிஸ்டர்."

டீச்சரின் போர்வையை இழுத்துவிட்டுக் காத்திருந்தாள்.

பிறகு சரக், சரக் என்று வாசல்வரை. கேட்டின் தாழ்ப்பாள் தானாகத் திறந்தது.

தயாளன் வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். கெசியாவைத் திட்டவில்லை. பழைய நர்ஸ் செத்ததை அவரும் மறைத்திருந்தாரே. இனி வர மாட்டேன் என்று சொல்லிவிட்டு அவள் வீட்டுக்குப் போனாள், சுடிதாரைக்கூட மாற்றாமல் படுத்தாள். எட்டு மணிக்கு டூட்டி என்பது தெரிந்திருந்தும், பாவம், செத்த பிணம்போலத் தூங்குகிறாளே என்று காலேப் எழுப்பவில்லை.

கண் விழித்தபோது ஜன்னலில் வெளிச்சம். சாயங்காலமா, காலையா என்று புரியச் சற்று நேரமாயிற்று. காலை ஆறு மணி. வேலை போயிற்று என்று பதறி வார்டுக்குப் போன் செய்தாள். இன்சார்ஜ் தையல்நாயகி எடுத்தார். வராமல் போனதற்கு மன்னிப்புக் கேட்டாள்.

"காலங்காத்தால என்ன விளையாட்டும்மா? எட்டு மணிக்கே வந்துட்டியே. மாஸ்க்கைக்கூடக் கழட்டாம ராத்திரி பூரா ஓடிட்டே இருந்தே. இப்பக்கூட ஒன்பதாம் பெட்டுக்கு இன்சுலின் ஏத்திட்டு நிக்கிறே."

வேலை முடிந்தால் மேரி சிஸ்டர் வீட்டுக்குப் போவாள் என்றுதான் கெசியா நினைத்திருந்தாள். இரண்டு வேலை பார்க்கிறவள், ஒன்று முடிந்தால் நேரே எங்கே போவாள் என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்? அன்று இரவு ஆளில்லாமல் காலியாக இருந்த டூட்டி கெசியாவுடையது.

"அக்கா, நான் வீட்ல இருக்கேன். ஒன்பதாம் பெட்டுக்கு வேற யாராவது ஊசி போட்டாங்களா?"

"நிஷா அப்பவே போட்டுட்டாளே. எழுதலையோ..." பேச்சு பாதியில் நின்றது. நாற்காலி உருண்டு விழுகிற சத்தம். தையல்நாயகி கத்திக்கொண்டே ஓடுகிற சத்தம்.

அங்கே வார்டுப் போன் மேஜைமேல் திறந்தே கிடந்தது.

சரக், சரக்.

யாரோ போனை எடுத்தார்கள். களைத்துப்போன, கனிவான ஒரு குரல்.

"நீங்க தூங்குங்க சிஸ்டர். பகல் டூட்டிக்கும் நானே இருந்துடறேன்."