ஜெகதாம்பாளின் முக்காலி

முக்காலி சூடாக இருந்தது, யாரோ இப்போதுதான் எழுந்து போனது போல. வெற்றிச்செல்வி சட்டென்று கையை எடுத்தாள். காலையிலிருந்து அந்த மாடியறைக்கு யாரும் வரவில்லை.

உடையார்பாளையத்து அந்த வீட்டு மாடியறையில்தான் ஒரு காலத்தில் ஆண்டவர் என்பவரும் அவர் தங்கை ஜெகதாம்பாளும் தொலைநோக்கி வைத்து வானத்தைப் பார்த்தார்கள். வால்நட்சத்திரத்தைக் கண்டவள் தங்கை. பேர் அண்ணனுக்குப் போனது. வீட்டை அருங்காட்சியகமாக்க வந்த வெற்றிச்செல்விக்கு அதை நினைத்தாலே பற்றிக்கொண்டு வரும்.

சாயங்காலம் ஆண்டவரின் பேரன் பரணிதரன் வந்தார். கீழ்க்கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த ஜெகதாம்பாளின் படத்தைப் பார்த்து முகம் சுளித்தார்.

“பாட்டி படம் எதுக்கும்மா இவ்ளோ பெருசா?”

“கண்டுபிடிச்சது அவங்கதானே சார்.”

“தாத்தாவுக்கு ஒத்தாசையா இருந்தாங்க, அவ்வளவுதான். பாட்டி அசந்துடுவாங்கன்னு மாடியறைக் கதவ வெளிய பூட்டிட்டுத்தான் தாத்தா படுப்பாராம். பார்த்துப் பார்த்தே அவங்க கண்ணு அவிஞ்சு போச்சு.” வீட்டு மாட்டைப் பற்றிச் சொல்வது போலச் சொல்லிச் சிரித்தார். “கழட்டும்மா.”

“நான் கழட்ட மாட்டேன் சார்.”

அவரே கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாடியேறினார்.

வெளியே சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று ஜன்னல்களை அதிரவைத்துக்கொண்டு போனது. அந்த அதிர்வு அடங்கிய பிறகும் மேலே தரையில் முக்காலி இழுபடும் சத்தம் மட்டும் அடங்காமல், கருகிய திரியும் நாள்பட்ட தலையெண்ணெயும் கலந்த வாடையோடு படிகளில் மெல்ல இறங்கி வந்தது. பரணிதரனின் செருப்புச் சத்தம் நின்றது. வேறொரு நடை கேட்டது. வெறுங்கால். சுவரைத் தடவித் தடவி வரும் நடை.

“யாரது?” என்றார் பரணிதரன்.

நடை நிற்கவில்லை.

வெற்றிச்செல்வி அசையவில்லை. இருக்கட்டும், என்று நினைத்தாள். படட்டும்.

பிறகு அவர் அலறினார். அவள் ஓடினாள்.

கதவு திறந்தே இருந்தது. முக்காலியில் பரணிதரன். கண் தொலைநோக்கியில் அழுந்தியிருந்தது. பிடரியில் ஐந்து பள்ளங்கள். விரல்கள் இல்லை. பள்ளங்கள் மட்டும் ஆழமாகிக்கொண்டிருந்தன.

“எடுக்க முடியலம்மா,” என்றார் அழுதுகொண்டே. “கிட்ட வருது.”

“என்ன சார் வருது?”

“பார்த்துட்டே வருது.”

அவள் தொலைநோக்கியின் மறுமுனையைப் பார்த்தாள். பித்தளை மூடி இறுக்கமாகப் போட்டிருந்தது.

அந்த மூடி மெல்லத் திரும்பியது. உள்ளிருந்து.