மூடிக்கு அடியில் ஒரு துண்டு வயர்

பேட்டரியின் இரண்டு வயரையும் கழற்றிய பிறகும் இன்வெர்ட்டரின் பச்சை விளக்கு அணையவில்லை. உள்ளே மிச்சமிருக்கும் கரண்ட் கொஞ்ச நேரத்தில் வடிந்துவிடும் என்பது எலக்ட்ரீஷியனுக்குத் தெரியாததா? காத்திருந்தான். நடமாடும் பட்டறையாக இருந்த லாரிக் கூண்டின் தகரத்தில் மாலை மழை விடாமல் கொட்டியது. ஈர ரப்பர் வாடையும் பழைய கிரீஸ் வாடையும், அவற்றுக்கடியில் லேசாக முடி பொசுங்கும் வாடையும் மூக்கில் ஏறின. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

"சரியாச்சாண்ணா?" கூண்டு வாசலில் குடையோடு நின்ற தங்கை கேட்டாள்.

"எங்க? உம் புருஷன் மாதிரியே, சொன்னா கேக்க மாட்டேங்குது."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். போன மழைக்காலத்தில், இதே கூண்டில், கையில் டிரில்லிங் மெஷினோடுதான் அவள் புருஷன் செத்தான். அன்றிலிருந்து லாரி சும்மா நின்றது.

ஈரத்தில் கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்க இன்வெர்ட்டரில் ஒரு ட்ரிப் சுவிட்ச் உண்டு. மழை நாளில் அது சும்மா சும்மா விழுந்து வேலையைக் கெடுத்தது. சனியன் தொலையட்டும் என்று ஒரு துண்டு வயரைக் குறுக்கே போட்டு அதை ஊமையாக்கியவன் இவன். "ஈரக்கையோட தொட்டுட்டான், பாவம்" என்று எல்லாரிடமும் சொல்லி அழுதவனும் இவன்தான். மகா யோக்கியன்! நாளை லாரி கைமாறுகிறது. புது ஆள் மூடியைத் திறப்பதற்குள் அந்த வயரைப் பிடுங்கிவிட வேண்டும்; ரிப்பேர் பார்க்கிறேன் என்று வந்தது அதற்குத்தான்.

மூடியின் முதல் திருகாணியில் ஸ்க்ரூ டிரைவரை வைத்தான்.

பின்னால் பலகை மீது டிரில்லிங் மெஷின் சுழல ஆரம்பித்தது.

யாரும் தொடவில்லை. முதலில் முனகலாக. பிறகு வேகமாக. முடி பொசுங்கும் வாடை தொண்டையை அடைத்தது. தங்கை குடையைப் போட்டுவிட்டு உள்ளே ஏறினாள். நனைந்த கையை மெஷினை நோக்கி நீட்டினாள்.

"தொடாத! ட்ரிப் விழாது, செத்துருவ!"

அவள் கை அப்படியே நின்றது. மெஷினும் நின்றது.

"விழாதுன்னு உனக்கு எப்படிண்ணா தெரியும்?"

அவன் பார்வை மூடியின் திருகாணிக்குப் போனது.

"செத்தப்புறமும் தினமும் வந்து சொன்னாரு. எங்கண்ணன் அப்படிச் செய்யாதுன்னு அவர்கூடவே சண்டை போட்டேன்." அவள் அழவில்லை. கீழே இறங்கினாள். "இனிமே நீங்க ரெண்டு பேருமே பேசிக்கோங்க."

கதவு சாத்தப்பட்டது. வெளியே தாழ் விழுந்தது.

இருட்டு. பச்சைப் புள்ளி ஒன்று.

கத்தினான். தகரத்தை உதைத்தான். மழைதான் கேட்டது.

அப்புறம், மிக அருகில், யாரோ மூச்சு இழுத்தார்கள். கனமான ஒன்று அவன் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. இரும்பு. சில்லென்று. அதன் மேல் அவனுடைய விரல்களை வேறு விரல்கள் மடக்கின.

ஈரமான விரல்கள். அவசரமே இல்லை. ஒவ்வொன்றாக.